ஆறு விநாடி எரியும் விளக்கு

பிப்ரவரி 13, வியாழன்

காலை 8.42-க்குச் செய்தி வந்தது.

லேபில் ஒரு பிரஷர் கேஜைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரீடிங் எழுதியிருந்தேன். மிருதுளாவின் நம்பர். எடுத்தால் ஆண் குரல்.

"இந்த போன் வெச்சிருக்கறவங்களோட வீட்டுக்காரருங்களா? நான் அன்னூர் ரோட்டுல டீக்கடைங்க. வண்டி புளியமரத்துல மோதிருச்சுங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. சீக்கிரம் வாங்க."

"ஏர்பேக் விரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"என்னதுங்க?"

"ஸ்டீயரிங்ல இருந்து பலூன் மாதிரி வந்துதுங்களா?"

அதெல்லாம் பார்க்கவில்லை, முதலில் கிளம்பி வாருங்கள் என்றார் அவர்.

நான்காவது ரீடிங்கை எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது 9.25. அவள் 8.58-க்கே போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். சீட் பெல்ட் போட்டிருந்தாளாம். நெஞ்சு ஸ்டீயரிங்கில் அடிபட்டிருக்கிறது.

வழக்கமாக பைக்கில் நான்தான் அவளை அவள் பாடம் எடுக்கும் பள்ளியில் விடுவேன். இன்று லேபில் ஆடிட். எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். "நான் கார்ல போய்க்கறேன் மாமா" என்றாள். சரி என்றேன்.


பிப்ரவரி 14, வெள்ளி

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. சட்டையில் இன்னும் புகை வாசனை.


பிப்ரவரி 16, ஞாயிறு

பால் பாக்கெட் இரண்டு வந்திருந்தது. ஒன்று போதும் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

சும்மா உட்கார முடியவில்லை. அதனால் லேபிலிருந்து கொண்டுவந்த பழைய ரிஜிஸ்டரில் எழுதுகிறேன். லேபில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, தப்பு என்னவென்று படிக்கிற மாதிரி விட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மச்சான் சபரீசன் வந்திருந்தார். மிருதுளாவின் அண்ணன். சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கி வந்திருந்தார். நான்கு முறை மடித்துப் பையில் வைத்திருந்ததால் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி’ என்று இருந்தது. ஓட்டியவர் இறந்துவிட்டதால் வழக்கை இத்துடன் முடித்துவிடுவார்களாம். எதிரி, அதாவது குற்றம் செய்தவர் என்ற இடத்தில் மிருதுளாவின் பெயர்.

"என் தங்கச்சி நாப்பதுக்கு மேல போகமாட்டா மாப்ள. உங்களுக்கே தெரியும். நாய் குறுக்க வந்துச்சுன்னு டீக்கடைக்காரரு சொல்றாரு. நாப்பதுல போயி மரத்துல முட்டுனா உசுரு போகுமுங்களா? வண்டியில என்னமோ கோளாறு. நீங்க இன்ஜினியரு. நீங்கதான் கண்டுபிடிக்கோணும்."

பார்க்கலாம் என்றேன்.


பிப்ரவரி 18, செவ்வாய்

காவல் நிலையத்தின் பின்பக்கம் வண்டி நிற்கிறது. முன்பக்கம் மட்டும்தான் நசுங்கியிருக்கிறது. பின் சீட்டில் அவளுடைய திருத்தாத விடைத்தாள் கட்டு அப்படியே இருந்தது. பத்தாம் வகுப்பு ‘பி’. மச்சான் அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

ஸ்டீயரிங்கின் நடு மூடி உடைந்திருந்தது. மச்சான் எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளதான பலூன் இருக்கும்? ஒண்ணுமே காணமே."

உள்ளே ஏர்பேக் இல்லை. இரண்டு ஒயரின் நுனியில் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டர், மின்தடை, ஈயத்தால் பற்ற வைக்கப்பட்டிருந்தது. அதன் நிறக் கோடுகளைப் படித்தேன். சிவப்பு, சிவப்பு, தங்கம். 2.2 ஓம்.

வண்டியின் மூளைக்கு ஏர்பேக் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கண் கிடையாது. அந்த ஒயரில் எவ்வளவு ஓம் என்று மட்டும்தான் பார்க்கும். இரண்டு சொச்சம் இருந்தால் ‘இருக்கிறது’ என்று நம்பிவிடும். சாவி போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு ஆறு விநாடி எரிந்து அணையும். எல்லாம் சரி என்று அர்த்தம்.

இதை மச்சானுக்குச் சொன்னேன். அவர் அந்த ரெசிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இது ஏற்கனவே அடிபட்ட வண்டி" என்றார். பிறகு, "வித்தவனுக உங்களையே ஏமாத்திட்டானுகளே மாப்ள" என்றார்.

பதிவுக்காக எழுதுகிறேன்: வண்டி வாங்கியபோது அதன் பின்னணி எனக்குத் தெரியாது.


பிப்ரவரி 21, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. ஓ.டி.பி. அவள் போனுக்குப் போயிற்று. அதைத் திறந்து எண்ணைச் சொன்னேன்.


பிப்ரவரி 23, ஞாயிறு

மச்சான் வீட்டில் சாப்பிட்டேன். அத்தை, மிருதுளாவின் அம்மா, பரிமாறினார். அவர் மட்டும் தட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வண்டி முன்பு ‘டோட்டல் லாஸ்’ ஆனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மச்சான் ஒரு வாரமாக எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முழுத் தொகையையும் கொடுத்து வண்டியைக் கைகழுவிவிடுவார்கள். அந்த உடைசலை ஏலத்தில் எடுப்பவன் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் விற்றுவிடுவான். ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. போன் ஆப்பில் எத்தனையாவது ஓனர் என்று தெரியும், அவ்வளவுதான்.

"கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேஸிஸ் நம்பரக் குடுத்தா முழு ஜாதகமும் வந்துருமாமா. நீங்க வாங்குறப்பக் கேக்கலையா மாப்ள?"

கேட்டேன் என்றேன். சேஸிஸ் நம்பர் கொடுத்தேன், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள், அதற்குள் ஆடி பிறந்துவிடும் என்பதால் ஆனி முடிவதற்குள் வண்டியை எடுத்துவிட்டோம் என்றேன்.

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

அத்தை ரசச் சட்டியோடு கதவருகே நின்றிருந்தார். ‘ஆடியில வண்டி வாகனம் வீட்டுக்கு வரக் கூடாது, மாப்ள. இன்னைக்கே எடுத்துருங்க’ என்று அன்று போனில் சொன்னவர் அவர்தான். மச்சான் அவர் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. ரசம் ஊற்றாமலே உள்ளே போய்விட்டார்.


பிப்ரவரி 25, செவ்வாய்

மதியம் ஜோயல் கூப்பிட்டான். சர்வீஸ் சென்டரில் அட்வைசர். அவர்களுடைய டயர் பிரஷர் கேஜெல்லாம் எங்கள் லேபுக்குத்தான் வரும். அந்தப் பழக்கம்.

"சார், உங்க மச்சான் வக்கீல் லெட்டரோட மேனேஜரப் பாத்திருக்காரு. ஹிஸ்டரி குடுத்துருவாங்க. அது குடுக்கட்டும். ஆனா நான் அப்ப உங்களுக்கு அனுப்புனத மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க சார். கஸ்டமர் டேட்டாவ வெளிய குடுத்ததுன்னா வேலையே போயிரும். நீங்க அழிச்சிட்டீங்கதான?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

அவன் வேலைக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.


பிப்ரவரி 28, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மச்சான் சர்வீஸ் சென்டர் கொடுத்த கவரை எடுத்துப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். ஆங்கிலம் வராத இடத்தில் என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வேறு மாவட்டம். லாரிக்குப் பின்னால் மோதல். முன்பக்க ஏர்பேக் இரண்டும் விரிந்தன. பழுது மதிப்பீடு வண்டியின் மதிப்பைவிட அதிகம். டோட்டல் லாஸ். அதற்குப் பிறகு எந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் அந்த வண்டி வரவில்லை.

"பாத்தியாம்மா" என்றார் மச்சான். "மிருது மேல தப்பே இல்ல."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் காயிதம் எத்தன நாள்ல வரும்னு சொன்னாங்க மாப்ள?"

இரண்டு மூன்று நாள் என்றேன்.

"ரெண்டு நாளு." அவர் விரலை விட்டு எண்ணினார். "ரெண்டு நாளுப் பொறுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பா. நானில்ல குறுக்க நின்னேன். ஆடி ஆடின்னு நானில்ல உசுர வாங்கினேன்."

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கம்மா தெரியும் என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.


மார்ச் 2, ஞாயிறு

திருத்தம்.

பிப்ரவரி 18 பதிவின் கடைசி வரியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். சரியானது கீழே.

வண்டியை எடுத்தது ஜூலை 15. ஆடி பிறந்தது 17. ஜோயல் அனுப்பியது 18-ம் தேதி மதியம் 1.10-க்கு. மூன்று போட்டோ. கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். மச்சான் நேற்று முன்தினம் என்னிடம் படிக்கக் கொடுத்த அதே பக்கங்கள். அடியில் ஜோயல் எழுதியிருந்தான்: ‘சார் எடுத்துடாதீங்க.’

எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மாலை போட்ட வண்டிக்கு முன்னால் நிற்கும் போட்டோவை மிருதுளா அதற்குள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். ‘எங்க மாமா அக்கு அக்கா செக் பண்ணி எடுத்தது’ என்று கீழே எழுதியிருந்தாள். என் வேலையே அதுதான். அடுத்தவர் கருவி பொய் சொல்கிறதா என்று பார்த்து சர்டிபிகேட் கொடுப்பது. வீட்டுக்குப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மெசேஜை அழித்தேன்.

அன்று மாலையே சாவியைப் போட்டு விளக்கைப் பார்த்தேன். ஆறு விநாடி. அணைந்தது. மறுபடி போட்டேன். ஆறு விநாடி. புது ஏர்பேக் மாட்டியிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு ரெசிஸ்டரை வைத்து அந்த விளக்கை ஏமாற்ற முடியும் என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ. பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டையும் தளர்த்தினால் மூடி கையோடு வரும். பத்து நிமிட வேலை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிருதுளா டீ கொண்டுவந்தாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

ஹாரன் லூசாக இருக்கிறது என்றேன். அவள் எட்டி அழுத்தினாள். நன்றாகத்தான் அடித்தது. "சவுண்டு சூப்பரா இருக்குது" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். நான் ஸ்க்ரூ டிரைவரை டப்பாவில் போட்டுவிட்டேன். திறந்து பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால் சொல்லியாக வேண்டும். திறக்காதவரை இருந்தாலும் இருக்கலாம்.

நவம்பரில் விற்க விளம்பரம் போட்டேன். இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஆக்சிடென்ட் ஆன வண்டியா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விலை படியவில்லை.

ஏழு மாதமும் அவள் ஓட்டினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு எரியும் விநாடிகளை எண்ணுவேன். பிப்ரவரி 13 அன்று எண்ண நான் அங்கே இல்லை.

கையெழுத்து: பூபதி.


மார்ச் 4, செவ்வாய்

மச்சான் டீக்கடைக்காரரைப் பார்க்கப் போகலாம் என்றார். நாய் குறுக்கே வந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தால் கேஸுக்கு நல்லதாம். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

புளியமரத்தில் பட்டை பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கடைக்காரர் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. செவலை நாய், அதன் மேல் ஏற்றக் கூடாது என்று அந்தப் பொண்ணு ஸ்டீயரிங்கை ஒடித்தது, வேகமெல்லாம் கிடையாது என்றார். எழுதிக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா போன்ல பேசுனது? பலூனு வந்துதான்னு கேட்டீங்களே. எனக்கு அப்பத் தெரியலைங்க. அப்பறந்தான் பையங்க சொன்னாங்க அப்படி ஒண்ணு இருக்கும்னு."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். பைக் வரை எனக்கு முன்னால் நடந்தார். சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"உசுரு இருக்குதான்னு கேக்கலையா மாப்ள நீங்க?"

"பதட்டத்துல என்ன கேட்டேன்னே தெரியல மச்சான்."

அவர் என் தோளில் தட்டினார். "யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வீடு வரும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பி இன்னொரு கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சிக்னலிலும் தயார் செய்தேன். கேட்கவில்லை.


மார்ச் 5, புதன்

லேபுக்குப் போனேன். ஐந்து கேஜ் சரி, ஒன்று தப்பு. போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.


மார்ச் 7, வெள்ளி

மச்சான் காலையில் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அது இல்லை. அத்தை மாத்திரை போடுவதில்லையாம். பத்து வருடமாக பி.பி.க்கும் சர்க்கரைக்கும் போடுகிறவர். ஒரு வார மாத்திரை அப்படியே அரிசி டின்னுக்குள் கிடந்ததை மச்சான் மனைவி கண்டுபிடித்திருக்கிறார். கேட்டால், எனக்கெதுக்கு அது என்கிறாராம். நேற்று தலை சுற்றி விழுந்து ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். இப்படியே விட்டால் பக்கவாதம் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஆடி ஆடின்னு அதையேதான் பேசிட்டிருக்குது மாப்ள. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேக்கும். உங்கள மட்டும் அது ரொம்ப நம்புது."


மார்ச் 8, சனி

போனேன். அத்தை கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். உடம்பு பாதியாகிவிட்டது. கையில் ஊசி குத்திய இடம் நீலமாக இருந்தது. மச்சான் மனைவி காபி வைத்துவிட்டுப் போனதும் நாங்கள் இருவர் மட்டும்.

பஸ்ஸில் வரும்போதே வரிகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காகிதம் பதினெட்டாம் தேதி எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தது.

"அத்தை, உங்களால இல்ல" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதீங்க மாப்ள."

"நெஜமா உங்களால இல்ல."

"பொறவு ஆராலயாம்?"

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களும் எளச்சுப் போயிட்டீங்க. ஒரு நாளாச்சும் என்னையக் கோவிச்சுட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா? வேறொருத்தனா இருந்தா என்னையக் கேள்வி கேட்டே கொன்னுருப்பான்."

மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் கிளம்பும்போதும் அது அங்கேயே இருந்தது.


மார்ச் 10, திங்கள்

லீவு சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இல்லை. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் இருந்தார். கண்ணாடி போட்ட பெரியவர். வழக்கை முடிக்கும் காகிதம் இந்த வாரம் போகிறது, உங்கள் மச்சான் கொடுத்த சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்டையும் டீக்கடைக்காரர் வாக்குமூலத்தையும் சேர்த்திருக்கிறோம் என்றார். நானும் ஒன்று எழுதித் தர வேண்டும் என்றேன். வெள்ளைத்தாள் கொடுத்தார்.

நின்றுகொண்டே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தேதியோடு. வண்டி டோட்டல் லாஸ் ஆனது என்று ஜூலை 18 முதல் எனக்குத் தெரியும். ஏர்பேக் இருக்கிறதா என்று திறந்து பார்க்க எனக்குத் தெரியும், பார்க்கவில்லை. என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வேகமாக ஓட்டவில்லை. வண்டியை அவசரமாக எடுக்கச் சொன்ன என் மாமியாருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. காத்திருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவர் நினைக்கிறார், ஆனால் தெரிந்த பிறகும் நான் பேசாமல் இருந்தேன்.

ரைட்டர் இரண்டு முறை படித்தார்.

"யார் அனுப்புனாங்க உங்களுக்கு?"

"அதச் சொல்ல மாட்டேன் சார். மெசேஜ் இல்ல. அழிச்சிட்டேன்."

"ஆதாரம் இல்லாம இதை எதுக்குத் தம்பி எழுதுறீங்க? உங்கள யாரும் கேக்கலையே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேஸு உங்க பக்கம் திரும்பும். புரியுதா?"

புரிகிறது என்றேன். மாமியார் பற்றிய வரி தேவையில்லை, கேஸுக்குச் சம்பந்தமில்லாதது, அடித்துவிடுங்கள் என்றார். அதை அடிக்க மாட்டேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சீல் வைத்தார். நகல் ஒன்று என் மச்சானுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். மூன்று மணிக்கு எப்படியும் வருவார், கொடுத்துவிடுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மிருதுளாவின் நைட்டி ஒன்று அடியில் கிடந்தது. அதைத் துவைக்கவில்லை.

3.35-க்கு மச்சான் கூப்பிட்டார். எடுக்கவில்லை. 3.36, 3.40, 3.52. பிறகு நின்றுவிட்டது. படித்திருப்பார். இப்போது தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார், இல்லை இங்கே. கதவைத் தாழிட்டேன். படியில் யார் ஏறினாலும் காது அங்கேயே போகிறது. மேல் வீட்டுக்காரர்தான்.

5.20-க்கு அத்தையின் நம்பர்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அத்தை என் போனுக்குத் தானாகக் கூப்பிட்டதில்லை. ஆடி விஷயம்கூட மிருதுளாவின் போனில் பேசிவிட்டு ‘மாப்ளகிட்ட குடு’ என்றுதான். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்ந்ததும் மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும்.

பாவி என்று சபிக்கக் கூப்பிடலாம். மாத்திரையைப் போட்டுவிட்டேன் என்று சொல்லவும் கூப்பிடலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் கூப்பிடலாம், அவர் அப்படிப்பட்டவர்தான். இதில் எதைக் கேட்க எனக்கு அதிகப் பயம் என்று எழுதிப் பார்க்க நினைத்தேன். எழுத வரவில்லை.

மணி 5.31. போனை அணைத்துவிட்டேன்.